கிறிஸ்துமஸ் இரவில் கதவை எப்போது சாத்துவது? வடசென்னை ஆலயங்களும் டோக்கன் முறையும்

காசிமேட்டுக்காரர் | 3 டிசம்பர் 2020

வரும் ஞாயிறன்று எங்கள் பங்குப்பேரவை (எங்கள் ஆலயத்தைச் சேர்ந்த மக்களின் ஆலோசனைக் குழு) கூடுகிறது. கிறிஸ்துமஸ் திருப்பலிக்கு யாரை, எத்தனை பேரை, எந்த முறையில் உள்ளே விடுவது என்பது ஒன்றே அன்றைய பேச்சு. கொரோனா ஊரடங்கில் மூடிக் கிடந்த ஆலயம் செப்டம்பர் 1-ஆம் தேதி திறந்ததிலிருந்து ஞாயிறு பூசைகளில் பெரிய சிக்கல் எதுவும் எழவில்லை; வயதானவர்களும் கைக்குழந்தைக்காரர்களும் தாமாகவே வீட்டில் இருந்துகொண்டார்கள். கிறிஸ்துமஸ் அப்படிப் போகாது. ஆண்டு முழுவதும் இந்தப் பக்கம் தலைகாட்டாதவர்கள் வருவார்கள்; ஆவடிக்கும் தாம்பரத்துக்கும் வாழ்க்கைப்பட்டுப் போன பெண்பிள்ளைகள் பிறந்த வீட்டுக்கு வந்து இங்கேதான் பூசை காண்பார்கள்; கிறிஸ்து பிறப்புக் குடில் பார்க்கவும் மெழுகுவத்தி ஏற்றவும் அக்கம்பக்கத்து இந்துக் குடும்பங்களும் முஸ்லிம் குடும்பங்களும் பிள்ளைகளோடு வந்து நிற்பார்கள்.

மத்திய சுகாதார அமைச்சகம் ஜூன் 4-ஆம் தேதி வழிபாட்டுத் தலங்களுக்கு வெளியிட்ட நெறிமுறை 6 அடி இடைவெளி கேட்கிறது. எங்கள் ஆலயத்தில் நடுப்பாதைக்கு இருபுறமும் 24 வரிசைகளாக 48 பெஞ்சுகள் இருக்கின்றன. பெஞ்சின் நீளம் 12 அடி, முன்பெஞ்சுக்கும் பின்பெஞ்சுக்கும் இடையே 3 அடி. மற்ற நாளில் பெஞ்சுக்கு 7 பேர் என்று 336 பேர் அமர்வார்கள். இப்போது ஒரு வரிசை விட்டு ஒரு வரிசையில், இரு முனையிலும் நடுவிலுமாக 3 பேரை அமர்த்தினால் 72 பேருக்குத்தான் இடம். நள்ளிரவுத் திருப்பலிக்கு உள்ளே நிற்பவர்களையும் முற்றத்தில் நிற்பவர்களையும் சேர்த்தால் வழக்கமாக ஆயிரத்தைத் தாண்டும்.

டோக்கன் கொடுப்பதா, முன்பதிவு வைப்பதா, வந்த வரிசைப்படி விட்டுவிட்டு 72 ஆனதும் கதவைச் சாத்துவதா என்று உங்கள் பங்குகளில் என்ன முடிவு செய்திருக்கிறீர்கள்? கதவைச் சாத்தும் வேலை என்போன்ற தொண்டர்கள் தலையில்தான் விழும் என்பதால் கேட்கிறேன்.

பெரம்பூர் வாசகி | 3 டிசம்பர் 2020

அண்ணன் அவர்களுக்கு வணக்கம். உங்கள் கணக்கில் ஒரு திருத்தம் சொல்லலாம் என்று நினைக்கிறேன். ஆளுக்கு ஆள் 6 அடி விடச் சொல்வதன் நோக்கம் ஒரு வீட்டாரின் மூச்சு இன்னொரு வீட்டாரை எட்டக் கூடாது என்பதுதான். ஒரே அறையில் படுத்து எழுந்து, ஒரே ஆட்டோவில் வந்து இறங்கும் தாயையும் பிள்ளைகளையும் மூன்று பெஞ்சில் பிரித்து உட்கார வைப்பதால் யாருக்கும் தொற்று குறையப்போவதில்லை. பெஞ்சுக்கு ஒரு குடும்பம் என்று வைத்து, குடும்பத்துக்குச் சராசரியாக 4 பேர் என்று கொண்டால், அதே 24 பெஞ்சில் 96 பேர் அமரலாம். கணவன் மனைவி இருவர் மட்டும் வந்தால் மறுமுனையில் தனியாக வருபவர் ஒருவருக்கும் இடம் கிடைக்கும். காவல் துறையினர் கேட்டால் காட்டுவதற்கு, எந்தப் பெஞ்சில் எந்தக் குடும்பம் என்ற பட்டியல் எழுத்தில் இருக்கட்டும். பின்னால் ஒருவருக்குத் தொற்று உறுதியானால் யாருக்குச் சொல்ல வேண்டும் என்பதும் அதிலிருந்தே தெரிந்துவிடும்.

பதிவுக்கு எங்கள் பங்கில் கூகுள் படிவம் வைத்திருக்கிறோம். படிவத்தின் சுட்டியை வாட்ஸ்அப் குழுக்களில் அனுப்பினால் போதும். யாரும் யாரையும் நேரில் பார்க்க வேண்டியதில்லை.

வியாசர்பாடி ஆசிரியர் | 4 டிசம்பர் 2020

பெஞ்சுக் கணக்கை அப்படியே ஏற்கிறேன், சகோதரி. படிவத்தை ஏற்க முடியவில்லை. படிவம் திறந்த ஒரு மணி நேரத்தில் நிரம்பிவிடும். நிரப்புபவர்கள் யார் என்று பாருங்கள்: வீட்டில் கணினி உள்ளவர்கள், இரவு விழித்திருந்து சுட்டிக்காகக் காத்திருக்கத் தெரிந்தவர்கள், பாடகர் குழுவிலோ பேரவையிலோ ஆள் உள்ளவர்கள். என் வகுப்புப் பிள்ளைகள் பலர் குடிசை மாற்று வாரியக் குடியிருப்புகளில் இருக்கிறார்கள். வீட்டுக்கு ஒரு செல்பேசி. அதையும் அப்பா வேலைக்குக் கொண்டுபோகாத நாளில்தான் பிள்ளை இணைய வகுப்பைப் பார்க்கிறது. மாலைக்குள் அன்றைய டேட்டா தீர்ந்துவிடுகிறது. இடம் கிடைக்காதவர்கள் யூடியூபிலோ மாதா தொலைக்காட்சியிலோ பூசை பார்க்கட்டும் என்று சொல்வது எளிது. எட்டுப் பேர் இருக்கும் ஒற்றை அறையில், சமையல் புகைக்கும் பக்கத்து வீட்டுச் சத்தத்துக்கும் நடுவே, கையளவு திரையில் அதைப் பார்ப்பவர்களுக்கு ஆலயத்தின் ஒரு மணி நேரம் என்னவாக இருக்கும் என்பதைச் சொன்னவர்கள் யோசித்திருப்பார்களா என்று தெரியவில்லை.

நம்மிடம் அன்பியங்கள், அதாவது அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் சேர்ந்த சிறு குழுக்கள், இருக்கின்றன. முப்பது, நாற்பது குடும்பங்களுக்கு ஒரு பொறுப்பாளர். எந்த வீட்டில் இருமல், எந்த வீட்டில் படுத்த படுக்கையாய்ப் பாட்டி, எந்த வீட்டுக்கு மகளும் மருமகனும் வந்திருக்கிறார்கள் என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். டோக்கனை அவர் வழியாகக் குடும்பத்துக்கு ஒன்றாகக் கொடுங்கள். பூசைக்கு ஒரு நிறம், மேலே நேரம், குடும்பத் தலைவர் பெயர், எத்தனை பேர் என்ற எண் ஆகியவை மட்டும் இருந்தால் போதும். இரவுப் பூசைக்குத்தான் போட்டி வரும். அதற்கு அன்பியத்துக்குள் எல்லோர் முன்னிலையிலும் குலுக்கல் போடலாம். விழாதவர் முணுமுணுப்பார், ஆனாலும் பேரவை உறுப்பினர் வீட்டுக்குப் பின்வாசல் வழியாகப் போனது என்று சொல்ல மாட்டார்.

ராயபுரம் பெரியவர் | 4 டிசம்பர் 2020

எனக்கு வயது 71. நெறிமுறைப்படி 65-ஐக் கடந்தவர்களும் கர்ப்பிணிகளும் 10 வயதுக்குட்பட்ட பிள்ளைகளும் வீட்டில் இருக்க வேண்டுமாம். அது அறிவுரை என்றுதான் எழுதப்பட்டிருக்கிறது; தடை என்று எழுதப்படவில்லை. எங்கள் பங்கிலோ வாயிலில் நிற்கும் இளைஞர் ஒருவர் போன மாதம் என் வயதைக் கேட்டுவிட்டு, நாலு பேர் பார்க்கத் திருப்பி அனுப்பினார்.

பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் இன்றைக்கு மாலை போய்ப் பாருங்கள். துணி எடுக்க வந்த கூட்டம் தோளோடு தோள் உரசிக்கொண்டு நகர்கிறது. முகக்கவசம் பாதிப் பேருக்குத் தாடையில் இருக்கிறது. காசிமேட்டில் ஞாயிறு விடியலில் மீன் வாங்கும் கூட்டத்தைச் சொல்லவே வேண்டாம். அங்கெல்லாம் வராத தொற்று, அமைதியாக உட்கார்ந்து செபிக்கிற இடத்தில் மட்டும் வந்துவிடுமா? மே மாதம் மாநகராட்சி மண்டலங்களிலேயே ராயபுரம் மண்டலத்தில்தான் தொற்று அதிகம் என்று தினமும் செய்தி வந்தபோது நாங்கள் வீட்டை விட்டு அசையவில்லை. கட்டுப்பாடு தெரியாதவர்கள் அல்லர் நாங்கள்.

அரசு மருத்துவமனைச் செவிலியர் | 5 டிசம்பர் 2020

ஐயா, உங்கள் வருத்தம் நியாயமானது. வாயிலில் நிறுத்தி வயதைக் கேட்பது மரியாதையும் அன்று, பயனும் அன்று. அதைச் சொல்ல வேண்டிய இடம் வீடு, சொல்ல வேண்டியவர் உங்களை அறிந்த ஒருவர். ஆயினும் எம்.சி. ரோட்டையும் ஆலயத்தையும் ஒன்றாக வைப்பதை மட்டும் ஏற்க முடியவில்லை. தெருவில் ஒருவரைக் கடந்து போகிறோம்; மேலே வானம் திறந்திருக்கிறது. ஆலயத்தில் அதே ஆட்களோடு, அதே காற்றில், ஒரு மணி நேரத்துக்கும் மேலாக அமர்ந்திருக்கிறோம். போதாததற்குப் பாடுகிறோம். அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் ஸ்காஜிட் பள்ளத்தாக்குப் பாடகர் குழு மார்ச் 10-ஆம் தேதி இரண்டரை மணி நேரம் பாடல் பயிற்சி செய்தது. வந்திருந்தவர்கள் 61 பேர். அவர்களில் பரிசோதனையில் உறுதியானவர்களும் அறிகுறியை வைத்துக் கணக்கிடப்பட்டவர்களுமாக 53 பேருக்கு நோய் கண்டது. 2 பேர் இறந்தார்கள். ஒருவர் கொண்டுவந்திருந்தால் போதும், பாட்டு மற்றதைச் செய்துவிடும்.

ஆகவே ஆட்களை எண்ணுவதோடு நின்றுவிடாமல், நேரத்தையும் காற்றையும் கணக்கில் கொள்ளுங்கள் என்பதுதான் என் வேண்டுகோள். மறையுரையைச் சுருக்கி ஐம்பது நிமிடத்தில் முடிக்கலாம். வண்ணக் கண்ணாடிச் சன்னல்கள் பல ஆலயங்களில் திறக்க முடியாதபடி பொருத்தப்பட்டிருக்கும். அப்படியானால் பக்கக் கதவுகள் எல்லாவற்றையும் விரியத் திறந்து, பூசைக்கும் பூசைக்கும் இடையே முக்கால் மணி நேரமாவது காலியாக விட வேண்டும். டிசம்பரில் நம் ஊருக்கு ஏசி எதற்கு? நெறிமுறை பாடகர் குழுவைத் தவிர்த்துப் பதிவு செய்த இசையைப் போடச் சொல்கிறது. கேட்கக் கசப்பாக இருந்தாலும் இந்த ஒரு விதியில் நான் பேரம் பேச மாட்டேன். நெற்றியில் வைக்கும் வெப்பமானியை நம்பி அசந்துவிடவும் வேண்டாம். காய்ச்சலே இல்லாமல் தொற்றோடு நடமாடுகிறவர்களை அது காட்டிக்கொடுக்காது.

பெரியவர்களுக்கென்று தனியே ஒரு காலைப் பூசை வையுங்கள். கதவோரப் பெஞ்சுகள், குறைந்த ஆட்கள், முதல் பூசை என்பதால் யாரும் மூச்சு விட்டு வைக்காத காற்று. வீட்டிலேயே இருக்க ஒப்புக்கொள்பவர்களுக்கு நற்கருணை (பூசையில் வழங்கும் அப்பம்) வீடு தேடி வரட்டும்.

திருவொற்றியூர் சபையார் | 6 டிசம்பர் 2020

நாங்கள் சிஎஸ்ஐ (தென்னிந்தியத் திருச்சபை). எங்களுக்கு நள்ளிரவைவிட 25-ஆம் தேதி விடியற்காலை நாலரை மணி ஆராதனைதான் பெரிது. திருவிருந்தில் எல்லோரும் ஒரே பாத்திரத்தில் பருகுவதை நிறுத்திவிட்டோம். காணிக்கைப் பை கைமாறிப் போகாமல் வெளியேறும் வழியில் பெட்டி வைத்திருக்கிறோம், பக்கத்தில் கியூஆர் குறியீடும் ஒட்டியிருக்கிறது. வீடு வீடாகப் போகும் கேரல் ரவுண்ட்ஸ் இந்த ஆண்டு கிடையாது.

இதெல்லாம் எளிதாக முடிந்தது. முடியாமல் இழுத்துக்கொண்டிருப்பது வேறொன்று. சபைச் சந்தா பாக்கி வைத்திருப்பவர்களுக்கு டோக்கன் கிடையாது என்று எங்கள் சேகரக் குழுவில் (சபையின் நிர்வாகக் குழு) சிலர் தீர்மானம் கொண்டுவந்திருக்கிறார்கள். இருக்கிற இடமே கொஞ்சம், அதை ஒழுங்காக வருகிறவர்களுக்குக் கொடுப்பதில் என்ன தவறு என்பது அவர்கள் வாதம். மார்ச் 25 தொடங்கி எத்தனை மாதம் ஆட்டோ ஓடவில்லை, எத்தனை பட்டறை திறக்கவில்லை என்பது தெரிந்தே பேசுகிறார்கள். மூன்று மாத வாடகையைத் தள்ளிவைத்த வீட்டில் சந்தா எங்கிருந்து வரும்? சந்தாவை வாக்குரிமைக்கு அளவுகோலாக வைத்துக்கொள்ளட்டும். கிறிஸ்து பிறந்த நாளில் வாசலில் அதைக் கேட்பதை நான் எழுத்துமூலம் எதிர்த்திருக்கிறேன்.

பெரம்பூர் வாசகி | 6 டிசம்பர் 2020

எங்கள் பக்கம் இந்தப் பேச்சு வேறு வடிவில் வருகிறது. ஆண்டுக்கு ஒருநாள் வருகிறவர்களால்தான் கூட்டம், அவர்களைக் கடைசியில் வைத்துக்கொள்ளலாம் என்கிறார்கள். எனக்கு மாறான எண்ணம். வாரந்தோறும் வருகிறவருக்கு 27-ஆம் தேதி ஞாயிறும் இருக்கிறது; ஆண்டுக்கு ஒருமுறை வருகிறவருக்கு அந்த ஒரு நாள்தான். இந்த ஆண்டு வீட்டில் ஒரு சாவு நடந்து, அடக்கத்துக்குக்கூடச் சொந்தங்கள் கூட முடியாமல் போன குடும்பங்கள் அவர்களிலும் இருக்கின்றன. வழக்கமாக வருகிறவர்களில் இளையவர்கள் விட்டுக்கொடுத்து, 26 அல்லது 27-ஆம் தேதி வரலாமே.

மண்ணடி வாசகர் | 8 டிசம்பர் 2020

நான் கிறிஸ்தவன் அல்லன். ஆனாலும் சிறுவயதிலிருந்து 24-ஆம் தேதி இரவு எங்கள் தெருப் பிள்ளைகளோடு குடில் பார்க்கப் போய்வருகிறவன். நீங்கள் பேசும் டோக்கன் எதுவும் எங்களுக்கு வராது. வர வேண்டும் என்று கேட்கவும் இல்லை. குடிலை ஆலயத்துக்குள் பீடத்தின் பக்கத்தில் வைத்தால் நாங்கள் உள்ளே வந்தாக வேண்டும், பூசை முடிந்து வெளியே வருகிறவர்களோடு கலந்தாக வேண்டும். சுற்றுச்சுவரை ஒட்டித் தெருவைப் பார்த்தபடி குடிலை அமைத்து, ஒருபக்கம் நுழைந்து மறுபக்கம் வெளியேறும்படி சவுக்குக் கட்டை கட்டிவிட்டால், எங்களில் ஒருவரும் ஆலயக் கதவை நெருங்க வேண்டிய அவசியமே இருக்காது. மெழுகுவத்தி ஏற்றும் தட்டையும் அங்கேயே வைத்துவிடுங்கள்.

வியாசர்பாடி ஆசிரியர் | 8 டிசம்பர் 2020

இத்தனை பேர் பேசியதில் இதுதான் செலவில்லாத யோசனை. பேரவைக்காரர் ஒருவருக்கும் தோன்றாமல் போனது வியப்பில்லை. நாம் எல்லோரும் உள்ளே உட்கார்ந்து யோசிக்கிறோம்.

காசிமேட்டுக்காரர் | 13 டிசம்பர் 2020

பேரவையில் இரண்டு கூட்டம் நடந்துவிட்டது. குடும்பத்துக்கு ஒரு பெஞ்சு, அன்பியம் வழி டோக்கன், இரவுப் பூசைக்குக் குலுக்கல், தெருவைப் பார்த்த குடில் ஆகிய நான்கும் முடிவாகிவிட்டன. இழுபறி நேரத்தில்தான். நள்ளிரவு 12 மணிக்கு மணியடித்துப் பாலன் சொரூபத்தைக் குடிலில் வைக்காவிட்டால் அது கிறிஸ்துமஸே அல்ல என்று ஒரு சாரார். முற்றத்தில் பந்தல் போட்டு நள்ளிரவில் எல்லோரையும் அமர்த்தலாம் என்றும் சொன்னார்கள். போன மாதம் 25-ஆம் தேதி நிவர் புயலுக்கு அடித்த மழையை அதற்குள் மறந்துவிட்டார்கள் போலிருக்கிறது. மழைக்குப் பயந்து பந்தலின் பக்கங்களைத் தார்ப்பாயால் மூடினால், செவிலியர் அக்கா அஞ்சும் அடைத்த அறையாகவே அது ஆகிவிடும். மேலும் 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை திறந்த வெளியில் ஒலிபெருக்கி கூடாது. விழா நாட்களில் நள்ளிரவு வரை மாநில அரசு விலக்கு அளிக்கலாம், அதுவும் 12 மணியோடு சரி. 12 மணிக்குத் தொடங்குகிற பூசைக்கு அந்த விலக்கால் என்ன பயன்?

ரோமில் இவ்வாண்டு திருத்தந்தை பிரான்சிஸ் கிறிஸ்துமஸ் இரவுத் திருப்பலியை 7.30 மணிக்கே நிறைவேற்றப் போகிறார். இத்தாலியில் 10 மணிக்கு ஊரடங்கு. இந்தச் செய்தியைச் சொன்ன பிறகுதான் கூட்டத்தில் குரல்கள் தணிந்தன.

திருவொற்றியூர் சபையார் | 14 டிசம்பர் 2020

சந்தாத் தீர்மானம் தோற்றது. இரண்டே வாக்கு வேறுபாடு என்பதை நினைத்தால் மகிழ்ச்சி அரைகுறையாகத்தான் இருக்கிறது.

ராயபுரம் பெரியவர் | 18 டிசம்பர் 2020

ஒரு செய்தி. ஒரு குருவானவர் கிறிஸ்துமஸ் நாளில் மூன்று திருப்பலிகள் வரைதான் நிறைவேற்றலாம் என்பது வழக்கம். இந்த ஆண்டு நான்கு வரை நிறைவேற்ற ஆயர்கள் அனுமதிக்கலாம் என்று வத்திக்கானின் திருவழிபாட்டுப் பேராயம் 16-ஆம் தேதி ஆணை வெளியிட்டிருக்கிறது. ஜனவரி 1-க்கும் ஞானிகள் பாலன் இயேசுவைக் கண்டதைக் கொண்டாடும் திருக்காட்சிப் பெருவிழாவுக்கும் இது பொருந்தும். கூட்டத்தைப் பிரித்தமர்த்த வேண்டிய இந்தக் காலத்துக்காகவே கொடுத்திருக்கிறார்கள். காசிமேட்டுத் தம்பிக்கு இது உதவும் என்று நினைக்கிறேன்.

காசிமேட்டுக்காரர் | 19 டிசம்பர் 2020

மிக்க நன்றி, ஐயா. எங்கள் பங்கில் பங்குத்தந்தை ஒருவர் மட்டுமே. ஆகவே அந்த நான்காவது பூசை எங்களுக்கு உண்மையிலேயே பெரிது. மறைமாவட்டத்தின் இசைவு கிடைத்துவிட்டது. 24-ஆம் தேதி மாலை 6 மணிக்கும் இரவு 8.30-க்கும் இரண்டு, 25-ஆம் தேதி காலை 5, 7, 9 மணிக்கும் மாலை 5.30-க்கும் நான்கு. ஆறு பூசைக்கு 96 வீதம் 576 பேர். காலை 5 மணிப் பூசை பெரியவர்களுக்கு. அதில் மட்டும் பெஞ்சுக்கு இருவர். மற்ற இடங்களைக் காலியாக விடுகிறோம், ஆகையால் மொத்தம் அதற்கேற்பக் குறையும். டோக்கன் இல்லாமல் வருகிறவர்களுக்கு மழையில்லாவிட்டால் முற்றத்தில் நாற்காலி உண்டு. எந்தப் பூசையிலும் ஒருவரைக்கூட வெறுமனே போகச் சொல்ல வேண்டாம் என்று பங்குத்தந்தை கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். உள்ளே போவது முன்வாசல், வெளியே வருவது கல்லறைப் பக்கத்துச் சிறிய வாசல். ஒரே மனிதர் இத்தனை பூசையையும் நிறைவேற்றுகிறார் என்பதை நினைவில் வைத்து, இடைவேளைகளில் வீட்டுப் புனிதப்படுத்தலுக்கு அழைக்காமலிருந்தால் நல்லது.

அரசு மருத்துவமனைச் செவிலியர் | 20 டிசம்பர் 2020

பிரிட்டனில் உருமாறிய வைரஸ் வேகமாகப் பரவுவதாகச் செய்தி வருகிறது. வெளிநாட்டிலிருந்து பண்டிகைக்கு வந்திறங்கிய உறவினர் உள்ள வீடுகளின் டோக்கனை அன்பியப் பொறுப்பாளர்கள் பக்குவமாகப் பேசித் தள்ளிவைக்கச் சொல்லுங்கள். இதை எந்தப் படிவமும் செய்யாது. நேரில் தெரிந்தவர்தான் செய்ய முடியும்.

காசிமேட்டுக்காரர் | 26 டிசம்பர் 2020

நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். இரவு 8.30 பூசைக்கு டோக்கன் வாங்கிய எல்லோரும் வந்துவிட்டார்கள். காலை 9 மணிக்கு வர வேண்டியவர்களில் பலர் வரவில்லை, அந்தப் பெஞ்சுகளில் முற்றத்தில் இருந்தவர்களை அழைத்து அமர்த்தினோம். பெரியவர்களின் 5 மணிப் பூசைதான் எல்லாவற்றிலும் ஒழுங்காக நடந்தது. பதினைந்து நிமிடம் முன்னதாகவே எல்லோரும் இடத்தில் இருந்தார்கள். ஆலயத்துக்குள் ஒரு சிக்கலும் இல்லை. சிக்கலெல்லாம் சிறிய வாசலுக்கு வெளியே வந்தது. அங்கே கைகுலுக்கலும் கட்டித்தழுவலும் நட்சத்திரத்துக்குக் கீழே செல்ஃபியும் கேக் பரிமாற்றமுமாகத் தொண்டர்களின் குரல் எடுபடவே இல்லை. தெருக் குடிலுக்கு வந்த பிற சமயத்தாரோ, சவுக்குக் கட்டை காட்டிய வழியில் வரிசை கலையாமல் நகர்ந்தார்கள்.

மண்ணடி வாசகர் | 26 டிசம்பர் 2020

நானும் அந்த வரிசையில் நின்றேன். குடிலை ஜனவரி முதல் வாரம் வரை அங்கேயே வைத்திருந்தால் 24, 25-ஆம் தேதிகளின் நெரிசல் பல நாளுக்குப் பரவிவிடும்.

பெரம்பூர் வாசகி | 26 டிசம்பர் 2020

31-ஆம் தேதி இரவுக்கு என்ன செய்யப்போகிறீர்கள், அண்ணே? கடற்கரையிலும் ஓட்டல்களிலும் புத்தாண்டுக் கொண்டாட்டத்துக்கு அரசு தடை போட்டிருப்பதால், எங்கும் போக முடியாதவர்களும் ஆலயத்துக்குத்தான் வருவார்கள்.

காசிமேட்டுக்காரர் | 26 டிசம்பர் 2020

நன்றி வழிபாடு இரவு 7 மணிக்கும் 9 மணிக்கும் இரண்டு முறை நடக்கும். நள்ளிரவில் எதுவும் இல்லை. குடில் ஜனவரி 6 வரை தெருப்பக்கமே இருக்கும். டோக்கன் நாளை, ஞாயிறு காலைப் பூசைக்குப் பின் அன்பியப் பொறுப்பாளர்களிடம் கிடைக்கும். 24-ஆம் தேதி 8.30 பூசைக்குக் குலுக்கலில் இடம் பெற்றவர்கள், மற்ற வீடுகள் வாங்கி முடித்த பிறகு வரவும். சிறிய வாசலுக்கு வெளியே நிற்க இன்னும் தொண்டர்கள் தேவை. குரல் வளமுள்ளவர்கள் முன்வந்தால் நல்லது, பாடகர் குழுவினர் இந்த மாதம் சும்மாதானே இருக்கிறார்கள்.